மிச்சக் களைப்பு

தங்கபுஷ்பத்துக்கு அன்றைக்கும் கழுத்தடியில் வலி. உள்ளே யாரோ ஆணி அடித்துவிட்டுப் பிடுங்க மறந்துபோன மாதிரி, ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு. பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு உப்பளத்துக்குப் போய்த் தலையில் உப்புப் பெட்டி சுமந்தபோது வந்த வலி அது. பிறகு அவள் படித்தாள், முனைவர் ஆனாள், கல்லூரியில் கணிதம் நடத்தினாள். தலையில் பூவைத் தவிர வேறு எதையும் வைத்து வருஷக்கணக்காகிறது. வலிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாக இல்லை. குனிந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தால் போதும், வந்து குந்திக்கொள்ளும்.

குனிந்து உட்காரும் வேலைதான் அவளுக்கு அதிகம். தூத்துக்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, ‘அலகு’ என்ற கணித, கணிப்பியல் மின்னிதழை நடத்திவந்தாள். ஆசிரியர் குழு என்று இரண்டு பேர். அவள் இங்கே, நாச்சிமுத்து கோயம்புத்தூரில். இரண்டு பேருக்கும் சம்பளம் கிடையாது. படிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோன பேராசிரியர்களுக்கு நினைவூட்டுவது, அரைகுறையாக வந்து சேரும் கோப்புகளைச் சீராக்குவது, நிராகரிக்கப்பட்டவர்கள் எழுதும் வசவைப் பொறுமையாகப் படித்துவிட்டு அழிப்பது, இதெல்லாம் அவள் பாடு. சர்வர் படுத்துக்கொண்டால் எழுப்புவது நாச்சிமுத்து பாடு.

முன்பெல்லாம் ஒரு தேற்றத்தை உலகம் நம்ப வருஷங்கள் ஆகும். இப்போது சரிபார்ப்பான் என்ற நிரல் வந்துவிட்டது. நிரூபணத்தை அதற்குள் போட்டால், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வரி வரியாகப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்லிவிடும். சரியானவை பொதுக் களஞ்சியத்துக்குப் போகும். கம்பெனிகளின் நிரல்கள் அந்தக் களஞ்சியத்தில் கோழி கிளறுவது போலக் கிளறிக்கொண்டே இருக்கும். இந்த வேலையைக் குறைந்த செலவில் முடிக்க நிரூபித்த முறை ஏதாவது இருக்கிறதா என்பதுதான் அவற்றின் ஒரே கேள்வி. கிடைத்தால் அன்றைக்கே நடைமுறைக்கு வந்துவிடும். நடுவில் பொறியாளர் கிடையாது, யோசிக்கிற ஆள் கிடையாது. அதற்குத் தோதாகச் சட்டமும் வந்திருந்தது. நிரூபித்த முறைப்படி நடந்த வேலையில் விபத்து என்றால் அது யார் குற்றமும் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் ‘அலகு’ ஒரு வழக்கத்தை விடாமல் வைத்திருந்தது. ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் குறியீடு எதுவும் இல்லாமல், படிப்பில்லாதவருக்கும் புரிகிற தமிழில் ஒரு பத்தி இருக்கும். வெளிச்சப் பத்தி என்று அதற்குப் பெயர். கட்டுரை யாருடையதானாலும் அந்தப் பத்தியை எழுதுவது தங்கபுஷ்பம்தான். “உங்க பிரசங்கம் ரெடிங்களா மேடம்?” என்று நாச்சிமுத்து கேலி செய்வார். அவள் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொள்வாள்.

மத்தியானம் தம்பி இஸ்ரவேல் வந்தான். அவன் படியேறும் சத்தமே அவள் காதுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறுத்தம். அவளுக்கு இளையவன், பார்த்தால் அண்ணன் என்பார்கள். உப்பைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறான். எல்லாவற்றுக்கும் மிஷின் வந்த காலத்திலும் உப்பு மூட்டைக்கு ஆள்தான். உப்புக்காற்று இரும்பைச் சீக்கிரம் தின்றுவிடுகிறது. மனுஷனைத் தின்னக் கொஞ்சம் காலம் எடுத்துக்கொள்கிறது. அந்த வித்தியாசத்தில்தான் அவனுக்குப் பிழைப்பு.

டீ கொடுத்தாள். டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கினான்.

“விரல மடக்கிப் பிடிலே. சிந்தும்.”

“மடங்காதுக்கா. வீட்ல எஸ்தர் வெந்நி ஊத்தி உருவிவிட்டாத்தான் மடங்கும். அதுவும் காலைலவர தாங்காது.”

“டாக்டர்ட்ட காட்டுனியா?”

“பட்டை பச்சைங்குது. பட்டை பச்சைன்னா ஆஸ்பத்திரிச் சீட்டு தரமாட்டாவ.”

இடது மணிக்கட்டைக் காட்டினான். சாம்பல் நிற ரப்பர் பட்டை, நடுவில் கடுகளவு விளக்கு. சிவப்பு எரிந்தால் உட்கார வேண்டும். பச்சை எரிந்தால் எழுந்து அடுத்த மூட்டைக்குத் தோள் கொடுக்க வேண்டும். இப்போது எல்லாக் கிட்டங்கியிலும் இதேதான். பட்டை இல்லாமல் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள்.

“முன்னாடின்னா சிலுவைமுத்து மேஸ்திரி சத்தம் போடுவான். நாங்களும் திருப்பிச் சத்தம் போடுவோம். அந்தச் சண்டையில ஒரு பீடி குடிக்க நேரம் கிடைக்கும். இப்ப அவனே பட்டையத்தான் பாத்துட்டு நிக்கான். பட்டைட்ட எவன் சண்ட போட?”

டீயைக் குடித்து முடித்தும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

“பொன்னுத்துரை செத்துட்டான்க்கா.”

“எந்தப் பொன்னுத்துரை? உன் கல்யாணத்துல பந்தி வச்சானே, அவனா?”

“அவன்தான். உக்காந்துருந்தான், பச்சை எரிஞ்சிட்டு, எந்திரிச்சான். மூட்டையத் தோள்ல வாங்குனான். நாலு எட்டு வச்சி அப்பிடியே மண்டி போட்டுட்டான். ஜெபம் பண்ணுதான்னுல்லா நெனச்சோம். சிரிச்சோம்க்கா.”

அவள் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“கம்பெனிக்காரன் என்ன சொல்லுதான்னா, பச்சையிலதான எந்திரிச்சான், முறை நிரூபிச்ச முறை, அதனால யாரு மேலயும் தப்பு இல்லங்கான். கேட்டுல போர்டே வச்சிருக்கான், இந்த ஓய்வு முறை இன்ன பத்திரிகையில நிரூபிச்சதுன்னு. வாசிச்சுப் பாத்தா உங்க அலகு. நம்ம பத்திரிகைன்னு எனக்கு ஒரே இது. எங்கக்கா நடத்துதது, அவ பாக்காம அதுல ஒரு வரி வராதுன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்.”

“பொன்னுத்துரை பெண்டாட்டிட்டயுமா?”

“அவகிட்டயும்.” டம்ளருக்குள் பார்த்தான். “நான் குத்தம் சொல்ல வரலைக்கா. நீ ஒரு தடவ அந்தக் கணக்கப் பாத்துச் சொல்லு. கணக்குல உனக்குத் தப்பு வராது. நீ சரின்னு சொன்னா, நம்பித் தூக்குவேன். இப்ப பச்சை எரிஞ்சா எந்திரிக்கப் பயமா இருக்கு.”

அவன் போன பிறகு கட்டுரையைத் திறந்தாள். தேடவே தேவைப்படவில்லை, ஓய்வைப் பற்றி ‘அலகு’வில் வந்தது அது ஒன்றுதான். மைமூன் எழுதியது. காயல்பட்டினத்துப் பெண், சென்னையில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் தற்காலிக வேலை. நல்ல கட்டுரை, அழகான நிரூபணம். வேலை செய்யும்போது சூடேறி, நிறுத்தினால் ஆறுகிற கணினிகளைப் பற்றியது. மிகக் குறைந்த ஓய்வில் மிக அதிக வேலையை எப்படி வாங்கலாம் என்பதுதான் கேள்வி. உண்மை என்று வைத்துக்கொண்டு தொடங்கும் எடுகோள்கள் மூன்று. மூன்றாவது, ஓய்வு முடிந்ததும் நிலை தொடக்க நிலைக்குத் திரும்பும் என்பது. கணினிக்கு அது உண்மை. ஆறிவிட்டால் அது பழைய கணினிதான்.

மேலே அவளுடைய வெளிச்சப் பத்தி இருந்தது.

‘உப்பு மூட்டை தூக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நடை முடிந்து உட்காருகிறார். மூச்சு சீராகிறது. எழும்போது அவர் புது ஆள். எவ்வளவு குறைவாக உட்கார்ந்தால் அது போதும் என்பதை இந்தத் தேற்றம் சொல்கிறது.’

எழுதிய நாள் ஞாபகத்தில் இருந்தது. மழை பெய்து அளங்களெல்லாம் கரைந்து கிடந்த நாள். உலகத்தில் உள்ள கணித இதழ்களிலெல்லாம் பயணம் போகிற வியாபாரியும் சீட்டாடுகிறவனும் எடுத்துக்காட்டாக வருகிறார்கள், நம் ஆட்கள் ஒரு தடவையாவது வரட்டுமே என்று நினைத்து எழுதினாள். எழுதி முடித்து இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பார்த்துக்கொண்டாள். மைமூன்கூட நல்லா இருக்கு மேடம் என்று பதில் போட்டிருந்தாள்.

களஞ்சியத்தைக் கிளறிய நிரல் கணினிகளைத் தேடி வரவில்லை. மூட்டை தூக்குவதைத் தேடி வந்திருந்தது. அதற்குக் கண்ணில் பட்டது அந்தப் பத்திதான்.

எழும்போது அவர் புது ஆள். அந்த வரியை மறுபடி வாசித்தபோது தன் வலது கை கழுத்தடியைப் பிசைந்துகொண்டிருப்பதைக் கண்டாள். எழுதிய அன்றைக்கும் அந்த வலி அங்கேதான் இருந்திருக்கும்.

நாச்சிமுத்துவைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவர் ஊம் கொட்டிக்கொண்டே கேட்டார்.

“கட்டுரையத் திரும்ப எடுத்துரலாம் சார்.”

“எதைச் சொல்லிங்க எடுக்கறது? நிரூபணம் சரி. சரிபார்ப்பான் பாத்துப் போட்டதுங்க. நிரூபணம் தப்புன்னாத்தான் திரும்ப எடுக்க முடியும், அது எல்லாருக்கும் உள்ள விதி.”

“எடுகோள் மனுசனுக்குப் பொருந்தாது சார். உக்காந்தா மூச்சு ஆறும். உள்ள ஒரு மிச்சம் நிக்கும். ஒவ்வொரு நடைக்கும் துளி மிச்சம். அது சேந்துட்டே போகும்.”

“பொருந்துதா இல்லையான்னு சரிபார்ப்பான் பாக்காதுங்க. எடுகோளை ஒத்துக்கிட்டா முடிவு வருதான்னுதான் பாக்கும். பொருத்தத்தப் பாக்கறதுக்குத்தான் நாம இருக்கறது.” சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். பிறகு, “பத்தியத் திருத்திப் போடுங்க, பாக்கலாம்” என்றார்.

பத்தியைத் திருத்தினாள். இது மனிதர்களுக்குப் பொருந்தாது என்று தடித்த எழுத்தில் போட்டுக் களஞ்சியத்துக்கு அனுப்பினாள். அடுத்த நிமிஷமே பதில் வந்தது. எடுத்துக்காட்டுகள் நிரூபணத்தின் பகுதி அல்ல, எனவே அவற்றின் திருத்தங்கள் பரிசீலிக்கப்படுவதில்லை. எடுத்துக்காட்டைப் பார்த்துத்தானே எடுத்தீர்கள் என்று கேட்க அதில் இடம் இல்லை. கம்பெனிக்குப் போன் செய்தாள். இனிமையான குரலில் ஒரு பெண், “களஞ்சியத்துல தேற்றம் நடப்புல இருக்குதுங்களே மேடம், அத மீறி நாங்க ஓய்வு நேரத்த மாத்துனா எங்க காப்பீடு செல்லாமப் போயிரும்” என்றாள். அவள் சொன்னதிலும் பொய் இல்லை.

“வேற ஒரு வழி இருக்குதுங்க” என்றார் நாச்சிமுத்து மறுநாள். “மிச்சக் களைப்பையும் சேத்துப் புதுசா ஒரு கட்டுரை. மைமூன் எழுதட்டும், அந்தப் புள்ளையால முடியும். அது களஞ்சியத்துல ஏறுச்சுன்னா பழையது தானா பின்னால போயிரும்.”

“எவ்வளவு நாளாகும்?”

“அளவெடுக்கோணும், ரெண்டு பேர் படிக்கோணும். நம்மாளுங்க படிக்கற வேகம் உங்களுக்குத் தெரியாததா? ஆறு மாசம். கூடவும் ஆகும்.”

“ஆறு மாசம் என் தம்பி பச்சை எரிய எரிய எந்திரிக்கணும்.”

“அவசரப்பட்டு எதையும் பண்ணிப்போடாதீங்க மேடம். நமக்குன்னு இருக்கறது நம்ம இதழ் மேல எல்லாரும் வச்சிருக்கற நம்பிக்கை மட்டுந்தானுங்க.”

அன்று சாயங்காலம் மைமூனிடம் பேசினாள். நடந்தது முழுவதையும் சொன்னாள்.

“நான் கம்ப்யூட்டருக்கு எழுதுனேன் மேடம்” என்றாள் மைமூன். “மனுசங்கள அதுக்குள்ள கொண்டு வந்தது நீங்க.”

“ஆமா.”

“இப்ப நான் என்ன செய்யணும்?”

“நிரூபணத்துல ஒரு படி தப்புன்னு போட்டு நான் திரும்ப எடுக்கப் போறேன். நீ மறுக்காம இருந்தாப் போதும்.”

“தப்பு இல்லையே.”

“இல்லதான்.”

“எனக்குன்னு இருக்கறது அந்த ஒரே கட்டுரை மேடம். அத வச்சுத்தான் நிரந்தரம் ஆக்குறதாச் சொல்லியிருக்காங்க. எங்க வாப்பா ஊர் பூரா சொல்லிட்டு வந்துட்டாங்க.”

“தெரியும்மா.”

“பொன்னுத்துரைக்குப் பிள்ளைங்க உண்டா?”

“ரெண்டு.”

“தப்புன்னு என் வாயால சொல்ல மாட்டேன். நீங்க சொன்னா மறுக்கவும் மாட்டேன்.” போனை வைத்துவிட்டாள்.

பொய்க்கு ஒரு இடம் வேண்டும். தங்கபுஷ்பம் நிரூபணத்தை மேலிருந்து கீழாகப் படித்தாள். எங்கும் பிசகில்லை. எங்கே கை வைத்தாலும் ஒரு நல்ல வேலையைக் கெடுப்பது மாதிரி இருந்தது. கடைசியில் நடுவில் ஒரு படியைத் தேர்ந்தெடுத்தாள். இந்தப் படி முந்தையதிலிருந்து வராது, ஆகவே கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது, ஆசிரியர், அலகு. அனுப்பிவிட்டு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். கீழே காயில் கட்டுகிறவர் வார்னிஷ் காய்ச்சிக்கொண்டிருந்தார். வாசனை மேலே வந்தது. கொஞ்ச நேரம், கொஞ்ச நேரம்தான், நிம்மதியாக இருந்தது. களஞ்சியத்தில் மைமூனின் தேற்றத்துக்கு எதிரே ‘நிறுத்திவைக்கப்பட்டது’ என்று விழுந்திருந்தது. நிரூபித்த முறை இல்லாமல் பட்டை யாரையும் எழுப்பாது, கிட்டங்கியில் எல்லாப் பட்டையிலும் சிவப்பு எரியும் என்று நினைத்துக்கொண்டாள். இஸ்ரவேல் மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருப்பான்.

அது நிஜமாகவே நடந்தது. ஆனால் சரிபார்ப்பானுக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்தால் அது சும்மா இருக்காது. அவள் குறித்த படியை எடுத்து, நுணுக்கி, பல வழிகளில் மறுபடி நிரூபித்தது. மூட்டைமேல் சாய்ந்தவர்கள் வியர்வையைத் துடைப்பதற்குள் முடிவு வந்துவிட்டது. நிரூபணம் சரி, திரும்பப் பெறும் அறிவிப்புதான் பொய்.

அடுத்தடுத்து ஒவ்வொன்றாக வந்தன. ‘அலகு’ நம்பகமான இதழ்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இனி அதில் எது வந்தாலும் களஞ்சியம் தொடாது. அதுவரை வந்த எல்லாக் கட்டுரைகளுக்கும் பக்கத்தில் ஒரு எச்சரிக்கைக் குறி விழுந்தது. எழுதியவர்கள் பலர் அவளுக்கு முகம் தெரியாதவர்கள். முகம் தெரிந்த சிலர் போன் செய்து கத்தினார்கள். மைமூனின் பெயருக்குப் பக்கத்திலும் குறி விழுந்தது. பொய் அறிவிப்புக்கு மறுப்புச் சொல்லாத கட்டுரையாளர் என்று. அவளுடைய அடுத்த கட்டுரையை, மிச்சக் களைப்போ வேறு எதுவோ, இனி எந்த இதழும் எடுக்காது. அவள் போன் செய்யவில்லை. தங்கபுஷ்பம் செய்தபோது எடுக்கவும் இல்லை.

நாச்சிமுத்து கத்தவில்லை. “சர்வர நிறுத்திப்போடட்டுங்களா மேடம்?” என்று மட்டும் கேட்டார். “இனி அது ஓடி என்னத்துக்குங்க.”

தேற்றம் மட்டும் கீறல் இல்லாமல் இருந்தது. கீறல் இல்லாமல் என்பதுகூடப் போதாது. களஞ்சியத்தில் அதன் தரம் ஒரு படி ஏறியிருந்தது. ‘எதிர்க்கப்பட்டு நிலைபெற்றது.’ அந்தத் தரத்துக்கு என்ன அர்த்தம் என்று அவள் அதற்குமுன் யோசித்துப் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து இஸ்ரவேல் வந்தான். இந்தத் தடவை மேலே ஏறவில்லை. கீழே காயில் கடை வாசலில் நின்று கூப்பிட்டான். அவள் இறங்கி வந்தாள். வேலைக்குப் போகிற வழி. தோளில் துண்டு, கையில் தூக்குச் சட்டி. சட்டியின் காதை விரலால் பிடிக்காமல் மணிக்கட்டில் மாட்டியிருந்தான்.

“சிலுவைமுத்து கேட்டுல வச்சிக் கேக்கான்க்கா. என்னலே இஸ்ரவேலு, உங்க அக்கா கணக்கத் தப்புன்னு மிஷினே சொல்லிட்டாமேங்கான். எல்லாவனும் சிரிக்கான். போர்டுல உங்க பத்திரிகை பேர அழிச்சிட்டாவ. தேற்றம் மட்டும் இருக்கு.” அவளையே பார்த்தான். “உனக்குக் கணக்குல தப்பு வராதேக்கா.”

“கணக்கு சரிதாம்ல. நான் பொய் சொன்னேன்.”

“எதுக்கு?”

“நீ ரெண்டு மூச்சு கூட விட்டுட்டு எந்திரிக்கட்டும்னு.”

இஸ்ரவேல் நழுவிய துண்டை முழங்கையால் தோளில் ஏற்றிக்கொண்டான். கோபப்படுவான் என்று அவள் நினைத்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அது கொறஞ்சிட்டுக்கா” என்றான். “முன்னாடி கணக்குக்கு மேல ஒரு துளி கூட விடுவாங்களாம், ஒருவேள கணக்குல பிசகு இருந்தா என்ன செய்யன்னு. இப்ப பிசகே இல்லன்னு தெரிஞ்சிட்டாம். அந்தத் துளிய எடுத்துட்டாவ. நேத்துலருந்து. மூட்டைய எறக்கி முதுகு நிமிரதுக்குள்ள பச்சை எரியுது.”

“இன்னைக்குப் போகாதலே.”

“போகாம?” அதைக் கேள்வியாகக்கூட அவன் கேட்கவில்லை. தெருவைப் பார்த்தான். “எஸ்தர்ட்ட இதச் சொல்லாத. அவ உன்ன ரொம்ப ஒசத்தியா வச்சிருக்கா.”

சட்டியை மணிக்கட்டில் சரிசெய்துகொண்டான். அந்தக் கையில்தான் பட்டை இருந்தது. கடையின் நிழலுக்குள் அதன் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. வேலை தொடங்குவதற்கு முன்பே அவன் தயார் என்று அது முடிவு செய்திருந்தது.

“வாரேன்க்கா.”

உப்பு லாரி ஒன்று போனது. அதன் பின்னாலேயே அவன் நடந்தான். தோளை ஒரு பக்கமாகச் சாய்த்து, கால்களை அகலமாக வைத்து, ஒன்றும் சுமக்காதபோதும் சுமக்கிறவனைப் போல. தங்கபுஷ்பம் கழுத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காயில் கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க என்றார். அவள் உட்காரவில்லை.

ஒவ்வொரு மூட்டைக்கும் நடுவில் அவனுக்கு முன்பு ஒரு துளி ஓய்வு இருந்தது. அதை அவள் எடுத்துவிட்டாள். அந்த ஓய்வு தம்பிக்கு அவள் தர வேண்டிய கடன். இன்னும் தரவில்லை.